அம்மா அளக்காமலா சமைக்கிறார்?

வாசகர் கேள்வி:

மதிப்புக்குரிய அம்மா, எனக்கு வயது 26. தேவகோட்டையில் வங்கி வேலை. பதினொரு வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறேன். நாற்பது கீர்த்தனைகள் பாடமாகியிருக்கின்றன. கற்பனை சுரம் மட்டும், அதாவது ஒரு வரிக்கு அந்த நேரத்தில் நாமே சுரம் அமைத்துப் பாடுவது மட்டும், வரவில்லை. நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துதான் பாட வேண்டும் என்கிறார் என் குரு. இரண்டு வருடமாக அப்படித்தான் போகிறது. எழுதிவைத்துப் பாடினால் அது எப்படிக் கற்பனை ஆகும்? மேடையில் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. போன மாதம் உறவினர் வீட்டு விசேஷத்தில் நோட்டை ஒதுக்கிவிட்டு மோகன ராகத்தில் மனம் போனபடி சுரம் பாடினேன். தொடக்கம் நன்றாக இருந்தது. அப்புறம் எடுப்பு, அதாவது தாளத்தில் வரி தொடங்குகிற இடம், எங்கே என்று தெரியாமல் அலைந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். குருவிடம் இதைச் சொல்லவில்லை. என் அம்மா எந்த அளவும் பார்க்காமல்தான் சமைக்கிறார். ஒரு நாளும் ருசி தப்பியதில்லை. பாட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு? கட்டுப்பாட்டோடு பாடினால் உயிர் இல்லை, உயிரோடு பாடினால் தாளம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். எந்த அளவும் பார்க்காமல் சமைக்கிறார் என்கிறீர்கள். அவர் சமைப்பதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரி சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் வயதில் நானும் என் அப்பத்தாவைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. மூன்றாம் கட்டில் அடுப்படி. அப்பத்தா கையில் கரண்டியோ ஆழாக்கோ இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் கைதான். ஒரு விடுமுறையில் எனக்குச் சந்தேகம் வந்து, முகப்பில் கிடந்த பழைய கடைத் தராசைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். "குழம்புக்கு அள்ளுகிற உப்பை முதலில் இதில் போடுங்க அப்பத்தா" என்று கேட்டேன். "உனக்கு என்னாத்தா வந்துச்சு" என்றார், ஆனால் போட்டார். நான்கு நாள் நிறுத்துப் பார்த்தேன். நான்கு நாளும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது. ஐந்தாம் நாள் உப்பு குறைந்தது. கை தவறிவிட்டது என்று நினைத்தேன். கேட்டபோது, "இன்னைக்கு மாவற்றல் போடுறேன்ல, அதுல உப்பு இருக்கே" என்றார். மாவற்றல் என்பது உப்பிட்டுக் காயவைத்த மாங்காய்.

அந்த ஐந்தாம் நாளைத்தான் நீங்கள் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, என்று நினைக்கிறீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் முதல் நான்கு நாளும் உங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் அம்மா கல்யாணமான புதிதில் எத்தனை தடவை உப்பைக் கூடப் போட்டு யாரிடம் திட்டு வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டெல்லாம் சேர்ந்துதான் இன்றைக்கு அவர் கையில் அளவாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கச் சொல்வேன். அடுப்படியில் எல்லாப் பண்டத்துக்கும் ஒரே அளவு சுதந்திரம் கிடையாது. நம் வீட்டு வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக எவ்வளவு நிற்குமோ அவ்வளவு வைப்போம். இதுதான் கணக்கு. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் பணியாரம் தடித்துப் போகும். இரண்டு மணி நேரம் ஊறி, வெண்ணெயாக அரைபட்டு, மாவு புளிப்பதற்குள் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். இதில் ஒருவரும் புதுமை செய்வதில்லை. செய்தால் அது பணியாரமாக இருக்காது.

அதே அடுப்பில் மறுநாள் மண்டி வைப்பார்கள், அரிசி கழுநீரில் காயும் புளியும் சேர்த்து வைக்கிற நம் பக்கத்துப் பண்டம். வீட்டில் என்ன காய் மிச்சமோ அது போகும். வெண்டைக்காய் இருக்கலாம், மொச்சை இருக்கலாம், முந்தாநாள் வாங்கிய கத்தரிக்காய் இரண்டு இருக்கலாம். பூண்டு கூடலாம், பச்சை மிளகாய் குறையலாம். ஒரே வீட்டில் இரண்டு நாள் மண்டி ஒன்றுபோல் இருந்து நான் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த மண்டிக்குள்ளும் அசைக்க முடியாத இரண்டு இடம் உண்டு. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுநீரைத்தான் எடுப்பார்கள். காய் வெந்த பிறகுதான் புளி விடுவார்கள். முன்னாலேயே விட்டால் புளிப்புப் பட்ட காய் எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே கிடக்கும்.

கச்சேரியிலும் பணியாரமும் உண்டு, மண்டியும் உண்டு. வர்ணமும் கீர்த்தனையும் ஏற்கெனவே கட்டித் தரப்பட்டவை. ராகத்தை விரிக்கிற ஆலாபனை, ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவல், கற்பனை சுரம் மூன்றும் நாமே அந்த நேரத்தில் செய்வது. நம் பெரியவர்கள் இதைக் கல்பித சங்கீதம், மனோதர்ம சங்கீதம் என்று இரண்டு பெயர் வைத்தே பிரித்திருக்கிறார்கள். உங்கள் குழப்பம் இரண்டாவதின் உள்ளே இருக்கிறது. மண்டியில் காய் நம் இஷ்டம் என்றவுடன் புளியையும் இஷ்டத்துக்கு விட்டுவிட்டீர்கள்.

மோகனத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதியதை வைத்து யூகிக்கிறேன். ஸ ரி க ப த என்ற ஐந்து சுரத்தில் எப்படிப் போனாலும் அழகாக இருக்கிற ராகம் அது. மத்தியமமும் நிஷாதமும் இல்லாததால் இடறி விழ இடமே இல்லை என்று தோன்றும். அந்த தைரியத்தில் முதல் இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று, ஓடியிருக்கும். தொடங்கும்போது எங்கே முடிக்கப் போகிறோம் என்று யோசித்திருக்க மாட்டீர்கள். ராகத்தில் நீங்கள் தவறியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். முடிக்கும் இடத்தில்தான் தவறியிருப்பீர்கள்.

அப்பத்தா ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து எண்ணி நான் பார்த்ததே இல்லை. மாலை நாலு மணிக்கு இடைப்பலகாரம் என்றால் அங்கிருந்து பின்னோக்கி வருவார். நாலு மணிக்கு முதல் பணியாரம் தட்டில் விழ வேண்டும். அப்படியானால் மூன்றே முக்காலுக்கு எண்ணெய் காய வேண்டும், மூன்று மணிக்கு ஆட்டுக்கல்லில் உட்கார வேண்டும், ஒரு மணிக்கு அரிசியும் உளுந்தும் தண்ணீரில் கிடக்க வேண்டும். காலையிலேயே அரைத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "புளிச்ச மாவுல பணியாரம் ஊத்தவா" என்றார். இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால், நடுவில் யார் வந்தாலும் பேசுவார், சிரிப்பார், நான்கு பேர் கூட வந்தால் துவையலை நீட்டுவார். பதற்றப்பட்டு நான் பார்த்ததில்லை.

கற்பனை சுரத்தையும் இப்படிப் பின்னோக்கித்தான் கற்க வேண்டும். நான் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் முறையை எழுதுகிறேன். ஆதி தாளம், ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், காந்தாரம் என்கிற 'க'வில் எடுக்கிற ஒரு மோகன ராக வரியை வைத்துக்கொள்ளுங்கள். வரியைப் பாடுங்கள். அப்புறம் ஒரு ஆவர்த்தனம் ஒன்றும் பாடாமல் தாளம் மட்டும் போட்டுவிட்டு, சரியாக எடுப்பில் வரியைப் பிடியுங்கள். இது எளிது என்று தோன்றும். இருபது தடவை செய்து பாருங்கள், ஐந்தாறு தடவையாவது முந்துவீர்கள் அல்லது பிந்துவீர்கள். அது நின்ற பிறகு, ஏழு அட்சரம் சும்மா இருந்துவிட்டு எட்டாவது அட்சரத்தில் மட்டும் நான்கு சுரம் பாடுங்கள். தபகரி என்று வந்து காந்தாரத்தில் விழலாம். கடைசிச் சுரம் எடுப்புச் சுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் வரி தானாக வழுக்கி வந்து உட்காரும். அந்த நான்கு சுரத்தை எத்தனை விதமாக மாற்ற முடியும் என்று ஒரு வாரம் முழுக்கத் தேடுங்கள். அடுத்த வாரம் கடைசி இரண்டு அட்சரம். அதற்கடுத்து நான்கு. இப்படிப் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால், ஒரு ஆவர்த்தனம் முழுக்கப் பாடும் நாளில் நீங்கள் ஏற்கெனவே முடித்துப் பழகிய ஒன்றைத்தான் தொடங்குவீர்கள்.

சுரத்தை முடிக்கக் கணக்காகக் கட்டி வைக்கிற கோர்வையும் இப்படித்தான். அட்சரத்துக்கு நான்கு சுரம் என்றால் ஒரு ஆவர்த்தனத்தில் 32. ஐந்து சுரத்தை மூன்று தடவை வைத்து முடிக்க நினைத்தால் அதற்கு 15 போகும், முன்னால் 17 மிச்சம். அந்தப் பதினேழில் நீங்கள் ராஜா. ஆனால் பதினெட்டாவது சுரத்தில் கோர்வை தொடங்கியாக வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் தலைக்குள்ளேயே போட்டு வெற்றி கண்டவர்கள் இருக்கலாம். நான் எழுதித்தான் கற்றேன். மேடையில் நீங்கள் தனியாகவும் இல்லை. வயலின் நீங்கள் பாடியதை வாங்கி பதில் சொல்ல வேண்டும், மிருதங்கம் உங்கள் முடிவை முன்கூட்டியே உணர்ந்து கூட வர வேண்டும். நீங்கள் எங்கே விழப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அவர்கள் பாவம், எதைப் பிடிப்பார்கள்?

எழுதிப் பாடுவது பொய்யா என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஒரு கேள்வி. ஆரம்பத்தில் கற்ற மோகன ஆதி தாள வர்ணம் "நின்னுகோரி" நினைவிருக்கிறதா? பாடாத மாணவர் அநேகமாக இல்லை. நம் இராமநாதபுரத்துப் பூச்சி சீனிவாச ஐயங்கார் செய்தது. அதன் சரணத்தை இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை பாடிப் பாருங்கள், ஆனால் பாடம் ஒப்பிப்பதுபோல் பாடாமல் அதன் அமைப்பைப் பாருங்கள். சரண வரி வருகிறது. ஒரு சுரம் வருகிறது, திரும்ப வரிக்கு வருகிறது. அடுத்த சுரம், திரும்ப வரி. முதலில் நெடிலும் நிதானமுமாக இருப்பது போகப் போக நீண்டு, நெருங்கி, வேகம் கூடுகிறது. இது கற்பனை சுரம் போகிற வழியேதான் இல்லையா? ஒரு மகாவித்துவான் எழுதி வைத்துவிட்டுப் போன சுரம் பதினொரு வருடமாக உங்கள் வாயில் இருக்கிறது. அதைப் பொய் என்று நீங்கள் நினைத்ததில்லை. உங்கள் கையெழுத்தில் நோட்டில் இருப்பது மட்டும் ஏன் பொய்யாகிவிட்டது?

அந்தச் சீனிவாச ஐயங்காரின் சீடர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890-ல் பிறந்தவர். காரைக்குடியில் இருந்துகொண்டு அரியக்குடியைச் சொல்லாமல் நான் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இன்றைக்குக் கச்சேரி என்றால் வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், நடுவில் விரிவாக ஒரு ராகம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம் என்று ஒரு வரிசை மனதில் வருகிறதே, அதை நிலைநிறுத்தியவர் அவர். இலையில் எது முன்னால், எது பின்னால் என்று நம் விருந்தில் இருக்கிற ஒழுங்கை நினைத்துக்கொள்வேன். கேட்பவருக்கு அலுப்புத் தட்டாமல், வயிறு அடைக்காமல், பசியும் மிச்சம் வைக்காமல் கொண்டு போகிற வரிசை. அவர் அப்படி ஒரு சட்டகத்தைப் போட்டதால் கச்சேரிகளில் கற்பனை குறைந்து போனதா? ஒவ்வொரு ராகத்துக்கும் தனி இடம் கிடைத்தது என்றுதான் நான் சொல்வேன்.

சரி, இதுவரை உங்கள் குரு பக்கம் பேசிவிட்டேன். இனி உங்கள் பக்கம்.

எழுதியதை மனப்பாடம் செய்து பாடுவது ஒரு கட்டம். அதிலேயே தங்கிவிட்டால் நீங்கள் பயப்படுகிற கேடு வரும். எத்தனையோ வருடம் மேடையேறிய பிறகும் கல்யாணிக்கு என்று வைத்திருக்கும் அதே நான்கு கோர்வையை ஊர் ஊராகப் பாடுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். கணக்கு பிசகாது. கேட்கிறவர்களுக்கு நேற்றுச் சுட்ட பணியாரத்தை இன்று சூடாக்கி வைத்தது தெரிந்துவிடும். அதை மனோதர்மம் என்ற பெயரில் பரிமாறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னிடமே ஒரு பிழை நடந்தது. நல்ல குரல், நல்ல ஞானமுள்ள ஒரு பெண் என்னிடம் கற்றாள். தாளம் கெட்டுவிடக் கூடாது என்று ஆறு வருடம் நான் எழுதிக் கொடுத்த சுரத்தையே பாட வைத்தேன். ஏழாம் வருடம் "இப்போது நீயாகப் பாடு" என்றேன். அவளால் முடியவில்லை. நான் எழுதியதைத் தேடிக்கொண்டே நின்றாள், கண் கலங்கியது. குழந்தைக்குக் கை சுட்டுவிடும் என்று அடுப்புப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டு, ஒரு நாள் விருந்து வைக்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அவள் சுரம் பாடுவதையே விட்டுவிட்டாள், கீர்த்தனைகளோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பொறுப்பு என்னுடையது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் முழுச் சுரம் எழுதிக் கொடுப்பதில்லை. முடிவை மட்டும் கட்டித் தருகிறேன், முன்பகுதியைத் திறந்து விட்டுவிடுகிறேன். ஒரு நாள் தவறினால் தவறட்டும், வகுப்பில்தானே.

ஆகவே இரண்டு வருடம் போதும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, உங்கள் குரு சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் சுரம் தவறியதில்லை, அதை அவரிடம் மறைத்தது. எங்கே இடறினீர்கள் என்று தெரியாத குருவுக்கு அடுத்த பாடம் எது என்று எப்படித் தெரியும்? கரிந்த குழம்பை மறைத்து வைத்தால் மாமியாருக்குத் தெரியாமல் போகுமா? வாசனை வந்துவிடும். அவர் காதுக்கு யாராவது கொண்டுபோவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். திட்டுவார். திட்டி முடித்த பிறகு ஒன்று கேளுங்கள்: "எழுதிய சுரத்தில் கோர்வையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முந்தியதை மட்டும் நானாகப் பாடிப் பார்க்கட்டுமா?" இதற்கு மறுப்புச் சொல்கிற குருவை நான் அதிகம் பார்த்ததில்லை.

வங்கி வேலையில் நேரம் கிடைக்காது என்பது தெரியும். காலையில் அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் வர்ணம் இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில். அது உங்கள் ஊறவைத்த அரிசி, அதை ஒரு நாளும் விடாதீர்கள். அடுத்த பத்து நிமிடம் மேலே சொன்ன பின்னோக்கிய பயிற்சி. கடைசிப் பத்து நிமிடம் க, ப, த என்ற மூன்றே சுரத்தை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் பாடுங்கள். மூன்றே காயில் மண்டி வைக்கச் சொன்னால்தான் கை யோசிக்கும். கைபேசியில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், பாடிய சூடு ஆறியிருக்காது, எல்லாமே நன்றாகத் தெரியும் அல்லது எல்லாமே மோசமாகத் தெரியும். மறுநாள் பேருந்தில் போகும்போது கேளுங்கள்.

நவராத்திரி வரைக்கும் வெளியில் கற்பனை சுரம் பாட வேண்டாம். கீர்த்தனை பாடுங்கள், தப்பில்லை. நவராத்திரியில் யாராவது வீட்டுக் கொலுவுக்கு அழைத்தால், மோகனத்திலேயே, அதே வரிக்கு, கீழ்க்காலத்தில் இரண்டு சுற்று, மேல்காலத்தில் இரண்டு சுற்று பாடிவிட்டு எழுந்து வாருங்கள். அன்றைக்கு நன்றாக வந்தாலும் மூன்றாவது சுற்றுக்குப் போக வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். அவர் மாற்றுவதை எழுத வேண்டாம், மாற்றாததை எழுதுங்கள். எதை முதலில் போடுகிறார், எதற்காகக் காத்திருக்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கிறார் என்று. அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். மண்டிக்கு மாவற்றலை அவர் காயோடு போடுகிறாரா, புளிக்குப் பிறகு போடுகிறாரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கும் என் ஆத்தாவுக்கும் இதில் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.